இத்தாலிக்குச் செல்லுமுன் இத்தாலிய மொழி: தமிழ் வழியாகத் தொடங்கும் முறை

ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ் போன்ற நகரங்களின் பெரிய விடுதிகளிலும் அருங்காட்சியகங்களிலும் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டே ஒருவர் சமாளித்துவிடலாம். ஆனால், சிற்றூர் ரயில் நிலையத்திலோ, நகரப் பேருந்திலோ, மருந்துக்கடையிலோ, ஒரு குடும்பம் தலைமுறையாக நடத்தும் சிறிய உணவகத்திலோ ஆங்கிலம் பல நேரங்களில் கைகொடுப்பதில்லை. இந்த வழிகாட்டி அத்தகைய இடங்களுக்கானது. மொழியில் புலமை பெறுவது இங்கே நோக்கமன்று. பயணச்சீட்டு வாங்கவும், உணவு கேட்டு உண்ணவும், அறிவிப்புப் பலகையைப் படிக்கவும், இக்கட்டான வேளையில் உதவி கோரவும் போதுமான இத்தாலியத்தைப் பெறுவதே நோக்கம். நாள்தோறும் அரை மணி நேரம் ஒதுக்கக்கூடியவர், புறப்படுவதற்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பு தொடங்கினால் போதும்.

தொடங்குமுன் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். நமக்குக் கிடைக்கும் பாடநூல்களும் செயலிகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அவற்றைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால், உங்கள் குறிப்பேடு தமிழில் இருக்கட்டும். இத்தாலியத்தின் ஒலியமைப்பு, வினைமுற்று, மரியாதை வழக்கு ஆகிய மூன்றிலும் ஆங்கிலத்தைவிடத் தமிழே அதற்கு நெருக்கமாக நிற்கிறது. ஆங்கிலத்தின் வழியே நுழைபவர், தம் தாய்மொழியிலேயே இருக்கும் வசதியை மறந்துவிட்டு, ஆங்கிலேயருக்குக் கடினமானவற்றையெல்லாம் தமக்கும் கடினமென்று எண்ணிக்கொள்கிறார்.

முதற்படி: காதும் நாவும்

முதல் இரண்டு வாரங்களை ஒலிக்கு மட்டுமே கொடுங்கள். இத்தாலிய அரிச்சுவடியில் 21 எழுத்துகளே உள்ளன. எழுதியதை எழுதியபடியே வாசிக்கும் மொழி அது. சொற்கள் பெரும்பாலும் உயிரொலியில் முடிவதால் தமிழ் நாவுக்கு அவை இயல்பாக வரும்.

ஆங்கிலப் பழக்கத்தால் நாம் செய்யும் முதல் பிழை, ரோமன் எழுத்து ‘டி’யைக் கண்டவுடன் டகரமாக ஒலிப்பது. இத்தாலியர் அதை நம் தகரத்தைப் போலவே நாவின் நுனி பல்லைத் தொடும்படி ஒலிக்கிறார்கள். ரயில் என்பது ‘த்ரேனோ’, ‘ட்ரேனோ’ அன்று. எல்லாம் என்பது ‘தூத்தோ’. அடுத்து, ஆங்கிலேயர் திணறும் ஒரு மெல்லின ஒலி நமக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும்: குளியலறை ‘பாஞ்ஞோ’, ஐயா என்று விளிக்கும் சொல் ‘ஸிஞ்ஞோரே’, உருளைக்கிழங்கு மாவில் செய்யும் உருண்டை ‘ஞோக்கி’. ‘ஞாயிறு’ என்று சொல்லத் தெரிந்தவருக்கு இதில் பயிற்சியே தேவையில்லை.

மெய்யெழுத்து இரட்டிப்பதும் அவ்வாறே. ‘பலி’யும் ‘பல்லி’யும் வேறென்பது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இத்தாலியத்தில் ‘காஸா’ என்றால் வீடு. ‘கஸ்ஸா’ என்றால் பணம் கட்டும் இடம். ‘நோனோ’ என்றால் ஒன்பதாவது. ‘நொன்னோ’ என்றால் தாத்தா. அழுத்தம் பெறும் உயிர், ஒற்றை மெய்க்கு முன் நீண்டும் இரட்டை மெய்க்கு முன் குறுகியும் ஒலிப்பதைக் கவனியுங்கள். அந்த நீளத்தையும் குறுக்கத்தையும் குறில் நெடிலால் தமிழில் துல்லியமாகக் குறித்துவைக்க முடியும். ஆங்கில எழுத்தில் முடியாது. எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் இன்றுள்ளபடி பிரித்தெழுதும் வழக்கத்தைத் தந்தவராக நம் மரபு போற்றும் வீரமாமுனிவர், 1680ஆம் ஆண்டு வட இத்தாலியில் பிறந்தவர் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். ‘நொன்னோ’வையும் ‘நோனோ’வையும் வேறுபடுத்தி எழுத உதவுவது அந்தச் சீர்திருத்தமே.

தமிழ் எழுத்து நம்மைக் கைவிடும் இடமும் ஒன்று உண்டு; அதை அலட்சியம் செய்யக் கூடாது. வல்லினத்தின் வன்மையையும் மென்மையையும் நாம் எழுத்தில் காட்டுவதில்லை. மெல்லினத்துக்குப் பின்னும் உயிர்களுக்கு இடையிலும் வல்லினத்தை மென்மையாக ஒலிப்பது நம் நாவின் பழக்கம். இத்தாலியத்தில் அது பொருளையே மாற்றிவிடும். ‘எவ்வளவு’ என்பதற்கும் ‘எப்போது’ என்பதற்கும் உரிய இரண்டு சொற்களையும் தமிழில் ‘க்வாந்தோ’ என்றுதான் எழுத முடியும். முதலாவதில் தகரம் ‘பத்து’ என்பதில் உள்ளதுபோல் வலிந்து ஒலிக்கும், ஆனால் இரட்டிக்காது. இரண்டாவதில் ‘பந்து’ என்பதில் உள்ளதுபோல் மெலிந்து ஒலிக்கும். விலை கேட்க நினைத்து நேரத்தைக் கேட்டுவிடாமலிருக்க ஓர் எளிய வழி உண்டு: குறிப்பேட்டில் மெலிந்து ஒலிக்கும் வல்லினத்தின் அடியில் ஒரு கோடிடுங்கள், கோடில்லாத வல்லினம் எங்கே வந்தாலும் வலிந்தே ஒலிக்க வேண்டும் என்று பழகிக்கொள்ளுங்கள். இந்த ஒரு பழக்கத்துக்காக ஒரு வாரம் முழுவதும் செலவிட்டாலும் தகும்.

வாசிக்கும்போது இன்னொரு விதி வேண்டும். ரோமன் எழுத்து ‘சி’யை அடுத்து இகர எகர ஒலி தரும் எழுத்து வந்தால் அது சகரமாக ஒலிக்கும், இடையில் ‘எச்’ நுழைந்தால் ககரமாகிவிடும். ஆகவே இரவுணவு ‘ச்சேனா’, தேவாலயம் ‘கியேஸா’, சுட்ட ரொட்டியின் மேல் தக்காளி பரப்பித் தரும் பண்டம் ‘ப்ருஸ்கெத்தா’.

இரண்டாம் படி: வினையும் மரியாதையும்

‘பேசுகிறேன்’ என்றால் ‘நான்’ என்று தனியே சொல்ல வேண்டியதில்லை, விகுதியே சொல்லிவிடுகிறது. இத்தாலியமும் அப்படியே. ‘பார்லோ’ என்றால் பேசுகிறேன், ‘பார்லா’ என்றால் பேசுகிறார், ‘பர்லியாமோ’ என்றால் பேசுகிறோம். ஒவ்வொரு வாக்கியத்தின் தொடக்கத்திலும் ‘நான்’ என்பதற்குரிய ‘ஈயோ’வைச் சேர்ப்பது ஆங்கிலப் பழக்கம், அதை விட்டுவிடுங்கள்.

நீ, நீங்கள் என்ற வேறுபாடும் அங்கே உண்டு. நெருங்கியவரிடமும் குழந்தைகளிடமும் ‘தூ’. முன்பின் அறியாதவரிடமும் மூத்தவரிடமும் ‘லேய்’. ‘லேய்’ வரும்போது வினை படர்க்கை ஒருமையில் அமையும். எனவே ‘பார்லா இங்க்லேஸே?’ என்றால் ‘ஆங்கிலம் பேசுவீர்களா?’ என்று மரியாதையுடன் கேட்டதாகும். பயணி ‘லேய்’ வடிவத்தை மட்டும் கற்றால் போதும். ‘மன்னியுங்கள்’ என்று ஒருவரை அழைக்க ‘ஸ்கூஸி’ என்பதே சரி. ‘ஸ்கூஸா’ என்பது ‘மன்னித்துக்கொள்’ என்பதாகிவிடும். ‘ச்சாவ்’ என்பது உலகம் முழுவதும் தெரிந்த சொல்லாக இருந்தாலும், கடைக்காரரிடமும் வயதானவரிடமும் அதைப் பயன்படுத்தாதீர்கள். கடைக்குள் நுழையும்போது பகலில் ‘புவோன்ஜோர்னோ’, மாலையில் ‘புவோனஸேரா’, வெளியேறும்போது ‘அர்ரிவெதேர்ச்சி’. வணக்கம் சொல்லாமல் நேரே பொருளைக் கேட்பது அங்கே நாகரிகக் குறைவாகப் படும்.

வினைகளில் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ‘வொர்ரேய்’ (எனக்கு வேண்டும், பணிவாக), ‘பொஸ்ஸோ’ (என்னால் முடியுமா, செய்யலாமா), ‘தேவோ’ (நான் செய்ய வேண்டும்) ஆகிய மூன்றையும் உறுதியாகப் பிடித்துக்கொண்டால், அவற்றின் பின்னே எந்த வினையையும் அதன் மூலவடிவில் வைத்துவிடலாம். ‘வொர்ரேய் ப்ரெனொதாரே ஊன் தாவொலோ’ என்றால் ஒரு மேசை முன்பதிவு செய்ய விரும்புகிறேன். ‘பொஸ்ஸோ பகாரே கோன் லா கார்தா?’ என்றால் அட்டையில் பணம் செலுத்தலாமா. ‘தேவோ கம்பியாரே த்ரேனோ?’ என்றால் ரயில் மாற வேண்டுமா. தமிழில் ‘மாற வேண்டும்’ என்று பின்னால் வருவது அங்கே முன்னால் வருகிறது, அவ்வளவே. கேள்விக்கென்று தனிச்சொல் ஒன்றும் தேவையில்லை, குரலை உயர்த்தினால் போதும். மறுப்புக்கு வினையின் முன் ‘நோன்’ சேர்த்தால் போதும்: ‘நோன் கபீஸ்கோ’, எனக்குப் புரியவில்லை.

நான்காம் வேற்றுமையில் தமிழுக்கு இருக்கும் வசதி இங்கே வியக்கத்தக்க அளவில் பயன்படுகிறது. ‘எனக்குக் காபி பிடிக்கும்’ என்பதை ஆங்கிலத்தில் சொல்லும்போது ‘எனக்கு’ என்பது ‘நான்’ ஆகிவிடுகிறது. இத்தாலியத்தில் ஆவதில்லை: ‘மி ப்யாச்சே இல் கஃப்ஃபே’. இதில் ‘மி’ என்பது எனக்கு. ‘மி ஃபா மாலே லா தெஸ்தா’ என்றால் எனக்குத் தலை வலிக்கிறது. ‘மி ஸேர்வே’ என்றால் எனக்குத் தேவை. ஆங்கில வழியில் கற்பவர்களுக்குத் தனிப் பாடமாக நடத்தப்படும் இந்த அமைப்பை, ஒரு தமிழர் ஒரே நாளில் தம்முடையதாக்கிக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: பால் வேறுபாடு

இங்கே தமிழ் உதவாது. நமக்கு மேசையும் நாற்காலியும் அஃறிணை. இத்தாலியருக்கு ஒவ்வொரு பொருளும் ஆண்பாலோ பெண்பாலோதான். ஓகாரத்தில் முடிவது பெரும்பாலும் ஆண்பால், அதன் பன்மை இகரம். ஆகாரத்தில் முடிவது பெரும்பாலும் பெண்பால், அதன் பன்மை ஏகாரம். ஏகாரத்தில் முடியும் சொல் எதுவாகவும் இருக்கலாம், அதன் பன்மை இகரம். நம்மூர் உணவகங்களில் ‘பனீனி’ என்று விற்கப்படுவது உண்மையில் பன்மை. ஒன்று மட்டும் வேண்டுமென்றால் ‘ஊன் பனீனோ’ என்று கேட்க வேண்டும். கடைசி உயிரில் அழுத்தம் விழும் ‘கஃப்ஃபே’ போன்ற சொற்கள் பன்மையில் மாறுவதில்லை: ‘தூவே கஃப்ஃபே’.

விகுதியைக் கவனியாதவர் தடுமாறும் இடம் கழிப்பறையின் கதவு. ‘ஸிஞ்ஞோரே’ என்பது ஒருமையில் ஐயா. அதுவே ‘ஸிஞ்ஞோரா’ என்ற பெண்பாற்சொல்லின் பன்மையும் ஆகும். எனவே கதவில் ‘ஸிஞ்ஞோரே’ என்றிருந்தால் அது மகளிருக்கு; ஆடவருக்கு ‘ஸிஞ்ஞோரி’. ஓர் எழுத்துதான் வேறுபாடு.

பெயர்ச்சொல்லைத் தனியே எழுதிவைக்காமல், அதன் முன்னே வரும் ‘இல்’, ‘லோ’, ‘லா’ ஆகியவற்றோடு சேர்த்தே எழுதிவையுங்கள்: இல் பில்யெத்தோ (பயணச்சீட்டு), லா கியாவே (சாவி), லோ ஸ்கொந்த்ரீனோ (ரசீது). பால் தவறினாலும் கேட்பவருக்குப் புரியும். ஆகவே இந்தப் பயத்தால் பேச்சை நிறுத்த வேண்டாம். உங்களைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் கவனமாக இருங்கள்: சைவ உணவு உண்பவர் ஆணாயின் ‘ஸோனோ வெஜெதரியானோ’, பெண்ணாயின் ‘ஸோனோ வெஜெதரியானா’.

நான்காம் படி: ரயில் நிலையம்

முதலில் ஊர்களின் சொந்தப் பெயரைக் கற்றுக்கொள்ளுங்கள். பலகையில் ஃபுளோரன்ஸ் இருக்காது, ‘ஃபிரென்த்ஸே’ இருக்கும். வெனிஸ் ‘வெனேத்ஸியா’, நேப்பிள்ஸ் ‘நாபொலி’, டூரின் ‘தொரீனோ’. ‘மோனகோ’ என்று கண்டால் அது ஜெர்மனியின் மியூனிக்காகவும் இருக்கலாம். வெனிஸுக்கு இரண்டு முக்கிய நிலையங்கள் உண்டு: ‘மெஸ்த்ரே’ நிலப்பகுதியில் இருக்கிறது, கால்வாய்களின் கரையிலேயே இறங்க வேண்டுமானால் ‘ஸாந்தா லுச்சீயா’வுக்குச் சீட்டு வாங்க வேண்டும்.

சீட்டு வாங்கும் இடத்தில் உரையாடல் பெரும்பாலும் இப்படி அமையும். நீங்கள்: ‘புவோன்ஜோர்னோ, ஊன் பில்யெத்தோ பெர் ஸியேனா, பெர் ஃபவோரே.’ அவர்: ‘ஸோலோ அந்தாதா ஓ அந்தாதா ஏ ரிதோர்னோ?’ போக மட்டுமா, போய்த் திரும்பவா என்பது கேள்வி. இதற்குப் பதில் சொன்னதும் அடுத்துக் ‘க்வாந்தோ?’ என்பார்; மெலிந்த தகரம், அதாவது எப்போது. ‘ஓஜ்ஜி’ என்றால் இன்று, ‘தொமானி’ என்றால் நாளை. சொற்றொடர்ப் பட்டியல்கள் கேள்வியை மட்டும் கற்பித்துவிட்டு விடுகின்றன. எதிரிலிருப்பவரின் பதிலைப் புரிந்துகொள்ளும் பயிற்சி இல்லாமல் கேள்வியைச் சரளமாகக் கேட்பது பயனற்றது. ஒவ்வொரு கேள்வியையும் அதற்கு வரக்கூடிய மூன்று நான்கு பதில்களுடன் சேர்த்தே குறிப்பேட்டில் எழுதுங்கள்.

பலகையில் ‘பர்தெந்த்ஸே’ என்பது புறப்பாடு, ‘அர்ரீவி’ என்பது வருகை, ‘பினாரியோ’ என்பது நடைமேடை, ‘ரிதார்தோ’ என்பது தாமதம். ‘ஷோபெரோ’ என்ற சொல்லைக் கண்டால் வேலைநிறுத்தம் என்று உணர்ந்து, மாற்று ஏற்பாட்டை உடனே தேடுங்கள். வட்டார ரயிலுக்குரிய காகிதச் சீட்டை வாங்கினால், ஏறுவதற்கு முன் நிலையத்திலுள்ள சிறிய இயந்திரத்தில் நுழைத்து முத்திரை பெற வேண்டும். அதற்கு ‘கொன்வலிதாரே’ என்று பெயர். செல்லத்தக்க சீட்டு கையில் இருந்தும், முத்திரையில்லாததால் அபராதம் கட்ட நேரிடலாம்.

பேருந்து அட்டவணையில் இரண்டு சொற்கள் இன்றியமையாதவை. ‘ஃபெரியாலே’ என்பது விடுமுறை நாளைக் குறிப்பதுபோல் ஒலித்தாலும், வேலைநாள் என்றே பொருள். சனிக்கிழமையும் பொதுவாக இதில் அடங்கும். ‘ஃபெஸ்தீவோ’ என்பதே ஞாயிறும் பண்டிகை நாளும். நேரம் 24 மணிக் கணக்கில் இருக்கும். எண்களில் அறுபதும் எழுபதும் ஒன்றோடொன்று குழம்பும்: ‘ஸெஸ்ஸாந்தா’, ‘ஸெத்தாந்தா’, இவ்விரண்டையும் பிறர் சொல்லக் கேட்டுப் பழகுங்கள். விலையில் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி இருக்கும். 3,50 என்பதை ‘த்ரே ஏ சிங்க்வாந்தா’ என்பார்கள்.

ஐந்தாம் படி: காபியும் சாப்பாடும்

‘பார்’ என்பது அங்கே பெரும்பாலும் காபிக்கடையே. பல இடங்களில் முதலில் ‘கஸ்ஸா’வில் பணம் கட்டி, ரசீதைப் பெற்று, அதைக் காபி போடுபவரிடம் காட்ட வேண்டும். நின்றுகொண்டு குடிப்பதற்கும் மேசையில் அமர்ந்து குடிப்பதற்கும் விலை வேறுபடலாம். ‘அல் பாங்கோ’ என்றால் நின்று, ‘அல் தாவொலோ’ என்றால் அமர்ந்து. வெறும் ‘கஃப்ஃபே’ என்றால் சிறிய கோப்பையில் கெட்டியான டிகாக்‌ஷன் போன்ற எஸ்பிரெஸோ வரும். ‘லத்தே’ என்று மட்டும் கேட்டால் காபி வராது, பால்தான் வரும். நம் காபிக்கு ஓரளவு நெருக்கமானது கப்புச்சீனோ.

சாப்பாட்டு மேசையில் முதல் கேள்வி தண்ணீரைப் பற்றியது: ‘நதுராலே’ என்றால் சாதாரண நீர், ‘ஃப்ரித்ஸ்ஸாந்தே’ என்றால் வாயு கலந்த நீர். ரசீதில் ‘கொபெர்தோ’ என்று ஒரு தொகை இருந்தால் அது ஆளுக்கு இவ்வளவு என்று மேசைக்காக வசூலிப்பது, ஏமாற்று அன்று. ‘இல் கோந்தோ, பெர் ஃபவோரே’ என்று கேட்கும்வரை பல உணவகங்களில் ரசீதைக் கொண்டுவர மாட்டார்கள். அது அலட்சியம் அன்று. உங்களை அவசரப்படுத்தாத பண்பு.

சைவ உணவு உண்போருக்கு இந்தப் பகுதியே மிக முக்கியம். ‘வெஜெதரியானோ’ என்று மட்டும் சொல்வது போதாது. ‘நோன் மாஞ்ஜோ கார்னே, நே பெஷ்ஷே’ (இறைச்சியும் உண்பதில்லை, மீனும் உண்பதில்லை) என்று விரித்துச் சொல்லுங்கள். பிறகு, பட்டியலில் கண்டால் எச்சரிக்கை அடைய வேண்டிய சொற்கள்: அச்சூகே (நெத்திலி), தொன்னோ (சூரை), ப்ரொஷ்ஷூத்தோ, பஞ்ச்செத்தா, குவஞ்சாலே (மூன்றும் பன்றி இறைச்சி), ஸ்த்ரூத்தோ (பன்றிக்கொழுப்பு), ப்ரோதோ (கொதிநீர்ச்சாறு; இது பெரும்பாலும் இறைச்சியில் செய்வது). காய்கறிச் சூப்பிலும் ரிசோத்தோ என்ற அரிசி உணவிலும் ‘ப்ரோதோ’ ஒளிந்திருக்கும்; ஆகவே ‘ச்சே கார்னே நெல் ப்ரோதோ?’ என்று கேட்டுவிடுங்கள். பர்மிஜானோ பாலாடைக்கட்டி கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைக் கொண்டு செய்யப்படுவது என்பதையும், அதைத் தவிர்ப்பவர்கள் அறிந்திருக்க வேண்டும். ‘பெபெரோனி’ என்று பீட்சாவின் பெயரில் கண்டால் அஞ்ச வேண்டாம். இத்தாலியில் அது குடைமிளகாய். காரம் வேண்டுமென்றால் ‘பெபெரொஞ்ச்சீனோ’ என்று கேளுங்கள்.

பலகைகளும் அவசரமும்

‘அபெர்தோ’ திறந்துள்ளது, ‘க்யூஸோ’ மூடியுள்ளது, ‘உஷ்ஷீதா’ வெளியேறும் வழி, ‘திராரே’ இழு, ‘ஸ்பிஞ்ஜெரே’ தள்ளு, ‘குவாஸ்தோ’ பழுது, ‘வியேதாதோ’ தடை. குளியலறைக் குழாயில் ரோமன் எழுத்து ‘சி’ இருந்தால் அது வெந்நீர். வெம்மையைக் குறிக்கும் ‘கல்தோ’ என்பதன் முதலெழுத்து. குளிர்ந்த நீருக்கு ‘ஃப்ரெத்தோ’. ஆங்கிலத்தை நம்பிக் குழாயைத் திறந்து கையைச் சுட்டுக்கொள்ளாதீர்கள்.

எந்த அவசரத்துக்கும் அழைக்க வேண்டிய எண் 112. உதவி என்று கூவ ‘அயூதோ!’, மருத்துவமனையின் அவசரப் பிரிவு ‘ப்ரோந்தோ ஸொக்கோர்ஸோ’, மருந்துக்கடை பச்சைச் சிலுவையால் தெரியும், அதன் பெயர் ‘ஃபர்மச்சீயா’. கடவுச்சீட்டு தொலைந்தால் ‘ஓ பேர்ஸோ இல் பஸ்ஸபோர்தோ’; பணப்பை திருடுபோனால் ‘மி ஆன்னோ ருபாதோ இல் போர்தஃபோல்யோ’. காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் பதிய ‘வொர்ரேய் ஃபாரே ஊனா தெனூன்ச்சா’ என்று சொல்லுங்கள்; காப்பீட்டுக்கும் தூதரகத்துக்கும் அந்தத் தாள் தேவைப்படும். இந்த நான்கைந்து வாக்கியங்களைக் கைப்பேசியில் மட்டும் வைக்காதீர்கள். திருடுபோவது கைப்பேசியாகவும் இருக்கலாம்.

பயிற்சியும் முதல் நாட்களும்

ஒலி பழகிய பிறகு, நாள்தோறும் பத்து நிமிடம் இத்தாலிய வானொலியைக் கேளுங்கள். இத்தாலியின் அரசு ஒலிபரப்பு நிறுவனமான ராயின் ஒலிபரப்புகள் இணையத்தில் கிடைக்கின்றன. பொருள் புரிய வேண்டியதில்லை. சொல் எங்கே முடிகிறது, எண் எங்கே வருகிறது என்பதைப் பிடித்தால் போதும். மீதி நேரத்தில் உங்கள் பயணத்திட்டத்தையே பாடமாக்கிக்கொள்ளுங்கள். ஸியேனாவுக்குச் செல்லப் போகிறவர் ஸியேனாவுக்குச் சீட்டு வாங்கும் உரையாடலைத்தான் பழக வேண்டும். பொதுவான பாடங்களில் வரும் பூனையும் ஆப்பிளும் அவருக்கு உதவா.

நாட்டின் எல்லாப் பகுதியிலும் ஒரே மொழி கேட்காது என்பதையும் அறிந்து செல்லுங்கள். வடக்கே போல்த்ஸானோ பகுதியில் ஜெர்மன் மொழியே பரவலாகப் பேசப்படுகிறது. தெற்கே நாபொலியில் மக்கள் தமக்குள் பேசுவது வேறு வழக்கு. சிசிலியின் பலேர்மோவில் ஈழத்தமிழர் பலர் குடியேறியிருப்பதால், தெருவில் தமிழையே கேட்கும் வாய்ப்பும் உண்டு.

நீங்கள் தடுமாறினால் எதிரிலிருப்பவர் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். ‘வொர்ரேய் பர்லாரே இத்தலியானோ’ என்று சொல்லிப் பாருங்கள்; பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு இத்தாலியத்துக்குத் திரும்புவார்கள். வேகம் தாங்காவிட்டால் ‘ப்யூ லெந்தமெந்தே, பெர் ஃபவோரே’ என்றால் மெதுவாகப் பேசுவார்கள். எண்ணோ, தெருப்பெயரோ, ரயில் நேரமோ காதில் விழவே இல்லையென்றால், குறிப்பேட்டையும் பேனாவையும் நீட்டி ‘லோ புவோ ஸ்க்ரீவெரே?’ என்று கேளுங்கள். எழுதித் தருவார்கள்.